பல் வண்டியும் என் மைக் செட்டும்

பல் வண்டி வந்தது. டாக்டர் வந்தார். மருந்தும் வந்தது. எங்கள் ஊர்ப் பொம்பளைகள் வாயைத் திறக்கவில்லை. கெட்டது அங்கேதான் தம்பி. வேறெங்கும் இல்லை.

நகர்ந்து உட்கார். காலை நீட்ட வேண்டும்.

யாருக்கு என்றா கேட்கிறாய்? வீட்டுக்காரிக்கு. வாயில். உனக்கு? அப்பாவா? நாக்கிலா. சரி, சரி. அவரும் வெற்றிலை போடுகிறவராகத்தான் இருப்பார்.

உள்ளே போகவில்லையா என்று கேட்காதே. பெண்கள் வார்டு. ஆம்பளைகளை விடுவதில்லை. அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரன் போகிறானே என்கிறாய். போகட்டும். அவன் யாரையாவது பிடித்திருப்பான். நான் அப்படியெல்லாம் யார் காலிலும் விழுகிற ஆள் இல்லை.

நான் அதிகம் பேசுகிறவனும் இல்லை. கேட்டதால் சொல்கிறேன்.

என் பெயர் சோலையப்பன். ஊர் வன்னிமடை. சோலையப்பன் சவுண்ட் சர்வீஸ் என்று கேட்டால் சுற்றுவட்டாரத்தில் சின்னப்பிள்ளையும் சொல்லும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, சாவு, எல்லாவற்றுக்கும் என் ஸ்பீக்கர் குழாய்தான். அதிலும் மொய் வாசிப்பதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. தாய்மாமன் என்ன செய்தான், சித்தப்பன் என்ன செய்தான், யார் வெறுங்கையோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிப்பேன். ஒரு எழுத்து விழுங்க மாட்டேன். ஒளிவு மறைவு கிடையாது. உள்ளதை உள்ளபடி. அதுதான் என் தொழில்.

எங்கள் ஊரில் பொம்பளைகள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். கம்பெனியை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். விடிந்ததும் போய் உட்கார்ந்தால் குச்சி அடுக்கி அடுக்கி, இருட்டும்போதுதான் எழுந்து வருவார்கள். பல் வலித்தால் என்ன செய்வார்கள்? டவுனுக்குப் போனால் அன்றைய வேலை போச்சு. கிராம்பு வைப்பார்கள். உப்பு வைப்பார்கள். பல் தானாக விழுந்தால் கூரைமேல் எறிவார்கள். பல் டாக்டர் என்று ஒருத்தர் இருப்பதே எங்களுக்கு டிவியில் பார்த்துத் தெரிந்ததுதான்.

அரசாங்கம் யோசித்தது. நல்ல யோசனைதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நீ வராவிட்டால் நான் வருகிறேன் என்று ஒரு பஸ்ஸையே பல் ஆஸ்பத்திரியாக மாற்றி அனுப்பிவிட்டது. உள்ளே சாய்வு நாற்காலி. தலைக்கு மேலே விளக்கு. துப்புவதற்குப் பீங்கான் தொட்டி, அதற்குத் தானாகத் தண்ணீர் வரும். மாதம் ஒரு தரம் வரும். எல்லாம் இலவசம்.

பஞ்சாயத்தில் என்னைக் கூப்பிட்டு, "நீர் மைக்கில் சொல்லிரும், ஜனம் வரட்டும்" என்றார்கள். வண்டியை என் கடை வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். கரண்டு உண்டு, நிழல் உண்டு, எதிரே டீக்கடை உண்டு. வேறென்ன வேண்டும்? குழாயை என் வீட்டு மாடியில் கட்டினேன். வீடும் கடையும் ஒன்றுதான்.

முதல் தடவை நல்ல கூட்டம். பொம்பளைகள் ஆபீஸுக்கு அரைநாள் சொல்லிவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். டாக்டரும் பொம்பளைப் பிள்ளைதான். ரெஹானா என்று பெயர். மெதுவாகப் பேசுகிற பிள்ளை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆம்பளை டாக்டர் என்பதால் வெட்கப்பட்டார்கள் என்று பிற்பாடு யாரோ சொன்னான். கிடையாது. அப்புறம் எதற்கு வெட்கம்? எனக்கு இன்று வரை புரியவில்லை.

நான் வண்டிப் படிக்கட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா உள்ளே வாயைப் பார்த்துச் சொல்லும். நர்ஸ் எழுதும். எனக்குக் காதில் விழும். வரிசையில் நிற்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா? சும்மா "வாங்க வாங்க" என்றால் எவன் வருவான்? விஷயத்தைச் சொன்னால்தானே ஒரு சூடு பிடிக்கும். ஆகவே வாசித்தேன்.

"ஆபீஸ் கனகமணி மகள் பாண்டிச்செல்வி! மேல் வரிசை, முன்பல் இரண்டு, வேர் வரைக்கும் சொத்தை!"

ஊர் முழுக்கக் கேட்டது. அன்றைக்கு ஆம்ப்ளிஃபையர் நல்ல கண்டிசன்.

அந்தப் பிள்ளைக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். அது எனக்கு எப்படித் தெரியும்? டீயைக் குடித்தான், எழுந்து போனான். பிற்பாடு, பொய்ப்பல் கட்டப்போகிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேரைச் சுத்தம் பண்ணிப் பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றும் டாக்டரம்மா சொன்னதாம். அந்தப் பாதி எனக்குக் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அதையும் வாசித்திருப்பேன். ஆனால் சொத்தை சொத்தைதானே? உண்மையைத்தானே சொன்னேன்?

அதற்கப்புறம் ஒரு வீட்டு மருமகள். கடைவாயில் புகையிலை ஒதுக்குகிற பழக்கம், உள்சதை வெளுத்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னது. வாசித்தேன். புருசன்காரன் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தான், வண்டிக்கு முன்னாலேயே ஒன்று வைத்தான். "ஏண்டி, இதுவேறயா?" என்றான். நான் மைக்கிலேயே கண்டித்தேன். கைநீட்டக் கூடாது, அரசாங்க இடம் என்றேன்.

அந்த இடத்தில்தான் ஊருக்கு ஒரு புத்தி சொல்வோம் என்று தோன்றியது. சொன்னேன்.

"தாய்மார்களே! என் வீட்டைப் பாருங்கள். என் மனைவி சீனியம்மாளும் தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போகிறாள். அவள் கையால் புகையிலையைத் தொட்டதில்லை. சோலையப்பன் வீட்டு வாய் சுத்தமான வாய்!"

டீக்கடையில் கை தட்டினார்கள்.

திரும்பிப் பார்த்தால் பொம்பளை வரிசையைக் காணோம். ஆபீஸில் சரக்கு அவசரம் என்று போய்விட்டார்களாம். ஆம்பளைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் மிச்சம்.

அடுத்த மாதமும் அப்படித்தான். ஒருத்தியும் வரவில்லை. தொண்டை வற்றக் கூப்பிட்டேன். நன்றி கெட்ட ஜனம் தம்பி. வாசலில் டாக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால் இப்படி.

டாக்டரம்மா என்னிடம் வந்தது. "ஐயா, மைக் வேண்டாமே" என்றது.

"சத்தம் ஜாஸ்தியாம்மா?"

"சத்தம் இல்லைங்கய்யா... உள்ளே நான் சொல்றது வெளியே போகக் கூடாது."

"புரியுது. வண்டிக்குள்ள எதிரொலிக்குது. குழாயைத் தெக்கே திருப்பிடுறேன்."

அது என்னமோ சொல்ல வாயெடுத்தது, நான் ஏணியைத் தூக்கிவிட்டேன். வேலை என்று வந்தால் தாமதிக்க மாட்டேன். தெற்கே திருப்பினேன். தெற்கே தீப்பெட்டி ஆபீஸ். அங்கே இருக்கிற பொம்பளைகளுக்கு இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும். அப்படியும் வரவில்லை.

தண்ணீர் இருக்கிறதா உன்னிடம்? கொடு.

சீனியம்மாளைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல மனுசி. பிள்ளை குட்டி இல்லை எங்களுக்கு. அதற்காக நான் ஒரு சொல் சொன்னது கிடையாது. அவளும் அதிகம் பேச மாட்டாள். பேசுவதற்கெல்லாம் என் வீட்டில் நேரமும் இல்லை. எப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வருசம் குழம்பில் காரம் இல்லாமல் போனது. முதலில் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் சுத்தமாக இல்லை. "என்ன குழம்பு இது, ஆஸ்பத்திரிக் குழம்பா?" என்பேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள். எனக்குத் தனியாக மிளகாயைக் கிள்ளிப்போட ஆரம்பித்தாள். தான் கஞ்சிதான் குடித்தாள். அதையும் அடுப்படிக்குள்ளே திரும்பி நின்று குடித்தாள். வயசானால் பொம்பளைகளுக்கு இப்படி ஏதாவது விரதம் வந்துவிடும், கேட்கக் கூடாது.

சிரிப்பை நிறுத்தினாள். கொட்டாவிகூட விடமாட்டாள். வாய் விரல் நுழைகிற அளவுதான் திறந்தது என்று இங்கே டாக்டர் சொன்னார். பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாதா என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டிருக்கிறவளின் வாய் எவ்வளவு திறக்கும் என்று எவனுக்குத் தெரியும்? நீயே சொல்.

அப்புறம் வீட்டில் ஒரு நாற்றம்.

எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். பாக்ஸ் எல்லாவற்றையும் நகர்த்தினேன். பழைய குழாய்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். பரணில் ஏறி வயர் சுருளை எல்லாம் இறக்கினேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் நாறும். "எலி எங்கேதான் செத்துத் தொலைஞ்சிருக்கு?" என்று கத்தினேன். சீனியம்மாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீயும் வந்து தேடேன்" என்றேன். வந்து தேடினாள் தம்பி. குனிந்து, கட்டிலுக்குக் கீழே எல்லாம் விளக்குமாற்றை விட்டுத் தேடினாள்.

சாம்பிராணி போட்டேன். போகவில்லை. நான் கடைப் பக்கம் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். அவள் ஆபீஸுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் வண்டி மறுபடி வந்தது. மூன்றாவது தடவை. காலையிலேயே பாட்டைப் போட்டு, "வாயைத் திறக்க வெட்கப்படாதீர்கள் தாய்மார்களே" என்று ஆரம்பித்திருந்தேன். தெற்கேயிருந்து கனகமணி வருகிறாள். அந்தப் பாண்டிச்செல்வியின் தாய். ஆபீஸில் சீனியம்மாளுக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. என்மேல் வஞ்சம் வைத்திருந்தாள், அது வேறு. கையில் மருந்துக் கறையோடு, அப்படியே வேலையிலிருந்து எழுந்து வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, அதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"அரசாங்க வேலை. நிப்பாட்ட முடியாது."

"அரசாங்கம் பல்லைத்தான பாக்கச் சொல்லிச்சு. ஊருக்கு மொய் வாசிக்கவா சொல்லிச்சு?"

டீக்கடையில் சிரித்தான்கள். முதல் தடவை கை தட்டினவன்களே சிரித்தான்கள்.

"நல்லதுக்குத்தான் சொல்றேன், போ. போய் வரிசையில நில்லு" என்றேன்.

"நான் நிக்கிறேன். எங்க வாயில உள்ளதை உங்க வாயால கேக்க முடியலை அண்ணாச்சி. அதான் ஒருத்தியும் வரலை. உங்க வீட்டுலயே வரலை" என்றாள்.

"என் வீட்டில் எதற்கு வரணும்? என் வீட்டு வாய்..." என்று ஆரம்பித்தேன். மைக்கில்தான்.

முடிக்க விடவில்லை. கையிலிருந்து பிடுங்கினாள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற வாளி இருக்கும் பார், அதில் போட்டாள். குர்ர் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய மைக் தம்பி அது. எத்தனை கல்யாணம் பார்த்தது.

நான் வாளியில் கையை விட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் டிரைவரிடம் போய்விட்டாள். "வண்டியை எடுங்க தம்பி. ஆபீஸ் களத்துக்கு விடுங்க." டாக்டரம்மா தலையாட்டிவிட்டது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி போய்விட்டது. களத்துக்குள் நிறுத்தி, பெரிய கேட்டைச் சாத்திவிட்டார்கள். கணக்குப்பிள்ளை, முதலாளி, எந்த ஆம்பளையும் உள்ளே கிடையாது. முதலாளி சரக்குப் போச்சே என்று கையைப் பிசைந்தார். "ஒருநாள் குச்சி அடுக்காட்டி உலகத்துல அடுப்பு எரியாமப் போயிருமா?" என்று கனகமணி உள்ளேயிருந்து கேட்டாள். அவரும் நானும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே ஒரு சத்தம் இல்லை. மைக் இல்லாமல் முகாம் நடத்தினால் எப்படியிருக்கும்? செத்த வீடு மாதிரி இருந்தது.

சாயங்காலம் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. என்னைக் கடந்துதான் போனார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை, யாருக்கு என்ன என்று. பாண்டிச்செல்வி சிரித்துக்கொண்டே வந்தது. பல்லுக்கு வேலை ஆரம்பித்தாகிவிட்டதாம்.

கடைசியாகக் கனகமணி. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் வாயை மூடியபடி ஒருத்தி.

சீனியம்மாள்.

நான் மரத்தடியில் நிற்கும்போதே கனகமணி பின்சந்து வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டில் படுத்திருக்கிறாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் தனியா வாங்க" என்றது.

"எதுக்குத் தனியா? இங்கேயே சொல்லுங்க."

அது சுற்றிப் பார்த்தது. முதலாளி நின்றார், வேடிக்கை பார்க்க வந்த டீக்கடை ஆட்கள் நின்றார்கள். களத்தில் நின்ற வண்டிக்குப் பின்னால் நடந்தது. நானும் போனேன். அங்கே வைத்து மெதுவாகச் சொன்னது. நாலு எட்டு தள்ளி நின்றிருந்தால் எனக்கே கேட்டிருக்காது.

நான் சொன்னேன், என் வீட்டுக்காரிக்குப் புகையிலைப் பழக்கமே கிடையாது என்று.

"ரொம்ப வருசமா இருக்குங்கய்யா. பல்வலிக்குன்னு வைக்க ஆரம்பிச்சிருக்காங்க. பக்கத்துல டாக்டர் இல்லை. வலி மரத்துப் போகுதுன்னு அப்படியே பழகிட்டாங்க. முதல் தடவை நாங்க வந்தப்பவே வரிசையில நின்னாங்களாம். பாதியில போயிட்டாங்களாம். அன்னிக்கே நான் பார்த்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டது.

வரிசையில் நின்றாளாம். பாதியில் போனாளாம். யார் போகச் சொன்னது? நாள் முழுக்க நான் வா வா என்றுதானே கத்திக்கொண்டிருந்தேன். குழாய் அவள் தலைக்கு மேலேதானே கட்டியிருந்தது. ஊருக்கே கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லையா? இதுதான் தம்பி எனக்கு ஆறவில்லை.

இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதுவும் அரசாங்கச் செலவுதான். கீழ்த்தாடையில் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். நாக்கில் பெரும்பாதி போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி போகிறது. கனகமணி அன்றைக்கு இழுத்து வராவிட்டால் பொங்கல் பார்த்திருக்க மாட்டாள் என்றார்கள். பேச்சு இனிமேல் வராதாம். மைக் வைத்தாலும் வராதா என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படித்தவர்களுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் தெரிவதில்லை. சின்னச் சத்தம் இருந்தால் போதும், ஆம்ப்ளிஃபையர் எடுத்துக் கொடுத்துவிடும். ஒரு சத்தமும் இல்லை என்றால்தான் ஒன்றும் செய்ய முடியாது.

இரு. ஆயா கூப்பிடுகிறாள். போய்விட்டு வருகிறேன்.

கேட்டாயா அந்த ஆயா போட்ட சத்தத்தை? "வாய்ப்புத்து சீனியம்மா! சீனியம்மா கூட வந்தது யாரு?" வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. ஒரு பொம்பளையின் பெயரையும் சீக்கையும் இப்படியா நாலு பேர் நடுவே கூவுவது? கொஞ்சமாவது இங்கிதம் வேண்டாம்? நன்றாகக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் வந்து சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா என்றேன்.

அதற்கு அவள், "நீங்க இல்லை பெரியவரே, நீங்க உக்காருங்க. அந்தம்மா கை காட்டுற ஆளைத்தான் உள்ள விடணும்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க" என்கிறாள்.

ஆமாம், பெண்கள் வார்டு. அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

முதல் நாள் கதவோரமாக நின்று எட்டிப் பார்த்தேன். முகத்தில் பாதிக்குக் கட்டு. கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முந்தானைதான் இல்லையே, ஆஸ்பத்திரிப் போர்வையை இழுத்து வாய்மேல் போட்டுக்கொண்டாள். கட்டை அவிழ்த்து மருந்து வைக்கும்போது வாயைத் திறக்க வேண்டுமாம். சிஸ்டர் சொன்னாலும் திறக்க மாட்டாளாம், டாக்டர் சொன்னாலும் திறக்க மாட்டாளாம். ஒரே ஒரு ஆள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்தால்தான் திறக்கிறாளாம். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, வந்த நாளிலிருந்து அந்த ஆள் உள்ளேயே கிடக்கிறது. ராத்திரியும் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கை.

மகளா என்றா கேட்கிறாய்? பிள்ளை குட்டி இல்லை என்றுதான் சொன்னேனே, காதில் விழவில்லையா? சொந்தமும் இல்லை. என் மைக்கை வாளியில் போட்டவள்தான்.

பெயரா? எத்தனை தடவை சொல்வது?

கனகமணி.